அப்பாவின் ஜூபிட்டர்-8: பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் டிஜிட்டலுக்கு உதவுமா?

ஒரு வாசகரின் கேள்வி, 10 ஜூன் 2023

தாத்தாவின் பெட்டியில் பழைய ரஷ்ய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (தனி ஜன்னல் வழியே பார்த்து ஃபோகஸ் செய்யும் வகை) ஒன்று கிடைத்தது. ஷட்டர் திரை கிழிந்துவிட்டது. லென்ஸ் மட்டும் நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது. அதைக் கழற்றி டிஜிட்டல் கேமராவில் மாட்ட முடியுமா? அந்தக் காலத்து லென்ஸ் எல்லாமே மங்கல், காசைக் கரியாக்காதே என்கிறார் நண்பர்.

11 ஜூன் 2023, இரவு

முடியும். உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

முதலில் எந்தக் கேமராவில் என்று பார்க்க வேண்டும். உள்ளே கண்ணாடி எழுந்து விழும் எஸ்.எல்.ஆர். வகை என்றால் மறந்துவிடுங்கள். உங்கள் லென்ஸ் 39 மி.மீ. திருகு வாய் கொண்டதாக இருக்கும்; வாய் என்பது லென்ஸும் கேமராவும் பொருந்தும் இடம். அதன் வாய்க்கும் பிலிமுக்கும் இடையே 28.8 மி.மீ. இருக்க வேண்டும் என்பது கணக்கு. நிக்கான் எஸ்.எல்.ஆரில் அந்தத் தொலைவு 46.5 மி.மீ.; கேனனில் 44. லென்ஸை அவ்வளவு தள்ளி வைத்தால் மூக்குக்கு நேரே இருப்பது மட்டும்தான் தெளியும். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் இந்தச் சிக்கல் இல்லை. சோனி ஈ வாயில் 18 மி.மீ., ஃபூஜி எக்ஸில் 17.7, நிக்கான் இசட்டில் 16. மிச்சமிருக்கும் இடைவெளியை ஒரு உலோக வளையம் நிரப்பிவிடும். அடாப்டர் என்பது அவ்வளவுதான், உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது.

என்னிடம் இருப்பது அப்பாவின் ஜூபிட்டர்-8. 50 மி.மீ., எஃப் 2 (ஒளி நுழையும் துளையான அப்பெர்ச்சர் திறக்கும் அதிகபட்ச அளவு). நெய்வேலி அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. அங்கே வேலை பார்த்த அப்பா, ஊர் திரும்பிய ரஷ்யப் பொறியாளர் ஒருவரிடமிருந்து 1969இல் இந்த லென்ஸோடு ஒரு ஸோர்கி-4 கேமராவை வாங்கினார். லென்ஸின் எண் 67 என்று தொடங்குகிறது. அந்த முதல் இரண்டு இலக்கங்கள்தான் தயாரித்த ஆண்டு.

அப்பா அதில் எடுத்த படங்கள் எல்லாமே கொஞ்சம் மங்கல். லென்ஸ் சரியில்லை என்றே வீட்டில் நம்பினோம். 2019இல் நான் அதைச் சோனி ஏ7இல் மாட்டி எடுத்தபோது இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. காரணம் இதுதான்: ஜெர்மன் கேமரா நிறுவனமான லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் 51.6 மி.மீ. லென்ஸை அளவுகோலாகக் கொண்டது, சோவியத் லென்ஸ்கள் 52.4 மி.மீ. அடிப்படையில் அமைந்தவை. இந்த வித்தியாசத்தால் அருகில் எடுக்கும்போது ஃபோகஸ் பிசகும்.

12 ஜூன், காலை

மிக முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். கேமரா மெனுவில் "லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்" என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும். அதை இயக்காவிட்டால் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் கேமரா அசையாது. பழைய லென்ஸில் மின்தொடர்பு இல்லாததால் லென்ஸே மாட்டவில்லை என்று அது நினைத்துக்கொள்கிறது. முதல் நாள் இது தெரியாமல் அடாப்டரைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன்.

கேமராவுக்குள்ளேயே நடுக்கம் தாங்கும் வசதி இருந்தால் லென்ஸின் குவியத் தொலைவு 50 மி.மீ. என்று நீங்களே பதிந்துவிடுங்கள்.

14 ஜூன்

மூன்று நாளுக்கு முன் நான் எழுதிய காரணம் தவறு. படுத்தபிறகு உறைத்தது.

51.6, 52.4 என்ற கணக்கு சரிதான். ஆனால் சோவியத் லென்ஸை லைக்கா உடலில் மாட்டுகிறவர்களுக்கு மட்டுமே அது தலைவலி. அப்பாவின் ஸோர்கியும் சோவியத், ஜூபிட்டரும் சோவியத். இரண்டும் ஒரே கணக்கில் பிறந்தவை, பொருந்தியிருக்கத்தான் வேண்டும். அப்படியிருக்க ஏன் மங்கல்?

பழைய படங்களை எடுத்து வைத்து இன்று மாலை முழுவதும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அத்தை அந்தக் காலத்தில் சொல்வார்: "அண்ணன் எடுத்தால் நம் முகத்தைவிடச் சுவர்தான் அழகாக விழும்." அதை வேடிக்கையாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அதில் ஒரு துல்லியமான தகவல் இருந்திருக்கிறது! 1974இல் அம்மா குடியிருப்பு வாசலில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் படம். அம்மாவின் முகம் புகை படிந்ததுபோல் இருக்கிறது. பின்னால் கதவில் தொங்கும் பூட்டின் துவாரம்கூடத் தெரிகிறது. இன்னொன்றில் தாத்தாவின் மூக்கு மங்கல், தோளுக்குப் பின்னால் இருக்கும் நாட்காட்டியின் தேதியைப் படிக்க முடிகிறது.

பதினேழு படங்கள் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஃபோகஸ் ஆளுக்குப் பின்னால் விழுந்திருக்கிறது. லென்ஸ் மங்கலாக இருந்தால் கதவும் மங்கலாகத்தானே இருக்க வேண்டும்?

18 ஜூன், வடலூர்

அப்பா இப்போது இங்கேதான் இருக்கிறார், 81 வயது. கேமராவை பீரோவிலிருந்து எடுத்துத் தந்தார்.

ஸோர்கி-4இன் பின்பக்கம் முழுவதுமாகக் கழன்று வரும், அது ஒரு பெரிய வசதி. பிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் தையல்காரர் மாதிரி வரையும் மெல்லிய டிரேசிங் தாளை ஒட்டினேன். ஷட்டரை முதலில் ஏற்றி, பிறகு வேகத்தை பி-யில் (அழுத்திப் பிடிக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) வைத்தேன். இந்த வரிசை மாறவே கூடாது: ஏற்றாமல் வேகத்தைத் திருப்பினால் உள்ளே இயந்திரம் கெட்டுவிடும். ஷட்டரைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு, தலைக்கு மேல் கறுப்புத் துண்டைப் போர்த்திக்கொண்டு, தொலைவிலிருந்த செல்பேசிக் கோபுரத்தைப் பார்த்தேன்.

லென்ஸ் முடிவிலியில், அதாவது மிகத் தொலைவுக்கான நிலையில், முட்டி நின்றபோது தாளில் கோபுரம் தலைகீழாகக் கூர்மையாக விழுந்தது. குறுக்குக் கம்பிகளை எண்ண முடிந்தது. அதே நிலையில் வ்யூஃபைண்டர் வழியே பார்த்தால் நடுப்பொட்டில் இரண்டு கோபுரங்கள்! லென்ஸ் இனிமேல் நகர இடமில்லை, ஆனால் இரண்டு பிம்பமும் சேரவில்லை.

ரேஞ்ச்ஃபைண்டரில் தொலைவு பார்க்கும் கண் வேறு, படம் எடுக்கும் கண் வேறு. லென்ஸின் பின்விளிம்பை ஒரு உலோக விரல் தொட்டுக்கொண்டே இருக்கும். லென்ஸ் முன்னும் பின்னும் போகப் போக அந்த விரல் நடுப்பொட்டில் இரண்டாவது பிம்பத்தை நகர்த்தும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் ஃபோகஸ் சரி என்று பொருள். அந்த விரலோ அதைச் சேர்ந்த திருகோ இம்மி பிசகியிருந்தால், படம் பிடிப்பவர் எவ்வளவு கவனமாகச் சேர்த்தாலும் கேமரா பொய் சொல்லும். அப்பா ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் லென்ஸ் ஆளைத் தாண்டிப் போய் நின்றிருக்கிறது.

அவரிடம் சொன்னேன். "அப்படியானால் என் கண்ணில் கோளாறு இல்லையா?" என்றார். 1983இல் படம் எடுப்பதை அவர் நிறுத்தியதற்குக் காரணம் பிலிம் விலை என்றே நான் நினைத்திருந்தேன்.

19 ஜூன்

மூல கேள்வியை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன், ஆனாலும் விடை இதற்குள்தான் இருக்கிறது. பழைய லென்ஸ்களின் மேல் ஏறிய கெட்ட பெயரில் பெரும் பங்கு கேமராவுடையது. மிரர்லெஸ் கேமராவில் சென்சாரில் விழும் பிம்பத்தையே நேராகப் பார்த்து ஃபோகஸ் செய்கிறோம். இடையில் தரகர் கிடையாது. அந்த லென்ஸ் என்ன செய்ய வல்லது என்று அதன் வாழ்நாளிலேயே முதல்முறையாகப் பார்க்கிறோம்.

25 ஜூன்

இந்த வார்த்தையை அகலமான காட்சியைப் பிடிக்கும் அகல லென்ஸுக்கும் நீட்டிவிடாதீர்கள். எனக்குப் பணம் போனது அங்கேதான்.

ஜூபிட்டர்-8 நன்றாக வந்ததில் தலைகால் புரியாமல், 2020இல் ஒரு ஜூபிட்டர்-12 வாங்கினேன். 35 மி.மீ., எஃப் 2.8. ஜெர்மன் நிறுவனமான ஸைஸ், இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்த பயோகான் லென்ஸின் வழித்தோன்றல். அதன் பின்கண்ணாடி ஒரு பளிங்குக் குண்டுபோல வெளியே துருத்திக்கொண்டு, பிலிமைத் தொட்டுவிடும் அளவுக்கு உள்ளே போகும். என் ஏ7இல் பட்டும் படாமல் போய் உட்கார்ந்தது. மாட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள், எல்லாக் கேமராவிலும் இடம் இருக்காது.

படத்தின் நடுப்பகுதி அருமை. ஓரங்களுக்குப் போகப் போக ஈரக்கையால் தேய்த்த கோலம்போல இழுபட்டிருந்தது, மூலைகளில் ஊதா கலந்த சிவப்பு.

காரணம் லென்ஸின் குறை இல்லை. கண்ணாடி எழுந்து விழ வேண்டிய கட்டாயம் இல்லாததால் ரேஞ்ச்ஃபைண்டர் வடிவமைப்பாளர்கள் லென்ஸைப் பிலிமுக்கு மிக அருகே வைத்தார்கள். அதனால் மூலைகளில் ஒளி மிகவும் சாய்ந்து விழும். பிலிமுக்கு அது பொருட்டில்லை, வெள்ளி உப்பு எந்தப் பக்கத்து ஒளியையும் வாங்கிக்கொள்ளும். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிணறு மாதிரி. நேர்மேலே இருந்து வரும் ஒளி அடிவரை இறங்கும், சாய்வாக வருவது சுவரில் மோதும். நிறம் பிசகுவது அதனால். இழுபடுவதற்குச் சென்சாரின் மேல் இருக்கும் கண்ணாடி காரணம். சோனியில் அது ஏறத்தாழ 2 மி.மீ. தடிமன். லைக்காவின் எம்9 டிஜிட்டல் கேமராவில் 0.8 மி.மீ.தான். தங்கள் பழைய லென்ஸ்களுக்காகவே மெல்லிசாக வைத்தார்கள். அந்தக் கண்ணாடியை மாற்றி மெல்லியதாகப் போட்டுத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு ஆகும் செலவில் நல்ல 35 மி.மீ. புது லென்ஸே வாங்கிவிடலாம் என்பது என் கருத்து.

என் முடிவு: 50 மி.மீ., அதற்கு மேல் 85, 90, 135 என்றால் தயங்காமல் மாட்டுங்கள். 35 என்றால் யோசியுங்கள். 28, 21, 15 என்றால் அந்த லென்ஸை முழுச் சட்டகச் (பிலிம் அளவுக்கே சென்சார் கொண்ட) சோனியில் போட்டு எடுத்த படத்தின் மூலையைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

26 ஜூன்

திருத்தம். 15 மி.மீ.க்கு நான் சொன்னது பாதிதான் சரி. வோக்ட்லேண்டர் 15 மி.மீ. எஃப் 4.5 லென்ஸின் 1999ஆம் ஆண்டுத் திருகு வாய்ப் பதிப்புக்கு அது பொருந்தும். 2015இல் வந்த மூன்றாம் பதிப்பை டிஜிட்டலை மனத்தில் வைத்தே புதிதாக வடிவமைத்தார்கள். அது நன்றாக இருக்கும். பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள்.

9 ஜூலை

அடாப்டரைப் பற்றி. இரண்டு வாங்கியிருக்கிறேன், இரண்டுமே மலிவு. லைக்கா 1954இல் எம்3 கேமராவோடு எம் வாயைக் கொண்டுவந்தபோது, பழைய திருகு லென்ஸ்களைக் கைவிடக் கூடாது என்பதற்காக வாய்த் தொலைவை மிகச் சரியாக 1 மி.மீ. குறைத்து 27.8 ஆக்கினார்கள். 1 மி.மீ. தடிமன் வளையம் ஒன்றைத் திருகினால் பழைய லென்ஸ் எம் லென்ஸாகிவிடும். எத்தனை அக்கறையான முடிவு! எழுபது ஆண்டுகளாக அந்த வளையம் உழைக்கிறது. ஆகையால் எம் வாய்க்கு அடாப்டரும், தனியாக இந்த வளையமும் வாங்குவதே நல்லது. பின்னாளில் எம் லென்ஸ் கிடைத்தாலும் பயன்படும்.

மலிவு அடாப்டர்களை வேண்டுமென்றே இம்மி மெல்லிசாகச் செய்கிறார்கள். முடிவிலி கிடைக்கவில்லை என்று யாரும் புகார் சொல்லக் கூடாதாம். விளைவு, லென்ஸில் பொறித்திருக்கும் தொலைவு எண்கள் பொய்யாகிவிடும். 0.1 மி.மீ. குறைந்தால்கூட, 50 மி.மீ. லென்ஸில் 3 மீட்டர் என்று வைப்பது உண்மையில் 3.4 மீட்டருக்குப் போய்விடும்.

திரையில் பார்த்து ஃபோகஸ் செய்பவருக்கு இது பெரிதில்லை. எனக்கு வலித்தது. ஏனென்றால் தேரோட்டத்தில், சந்தையில், பஸ் நிலையத்தில் நான் பார்த்து ஃபோகஸ் செய்வதில்லை. எஃப் 8, 3 மீட்டர் என்று வைத்துவிட்டு ஆள் அந்த இடத்துக்கு வரும்போது அழுத்துவேன். கணக்குப்படி 2.3 மீட்டரிலிருந்து 4.2 மீட்டர் வரை தெளிவாக இருக்க வேண்டும். என் படங்கள் எல்லாம் பின்னால் போயின.

அப்பாவுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்திருக்கிறது, இந்தத் தடவை அடாப்டர் வடிவில். செல்லோடேப்பை வளைய வடிவில் வெட்டி இரண்டு அடுக்கு ஒட்டி, திரையில் பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்தேன். இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

10 ஜூலை

2.3 முதல் 4.2 என்று எழுதியதைப் படித்துவிட்டுப் படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்துக் கோபப்படாதீர்கள். அந்தக் கணக்கு கைக்கு அடக்கமான அச்சுப் படத்துக்கானது. 24 மெகாபிக்சல் படத்தைப் புள்ளி புள்ளியாகப் பார்த்தால் 2.6 முதல் 3.5 மீட்டர் வரைதான் உண்மையில் கூர்மை.

30 ஜூலை

கூர்மையாக இருக்கும் இடங்களைத் திரையில் நிறக்கோட்டால் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதியைப் பற்றி: எஃப் 2இல் அதை நம்பாதீர்கள். கோடு மூக்கிலும் இருக்கும், காதிலும் இருக்கும். திரையைப் பெரிதாக்கிக் கண்ணின் கருமணியைப் பாருங்கள். எடுக்கப்போகும் அப்பெர்ச்சரிலேயே வைத்துக்கொண்டு ஃபோகஸ் செய்யுங்கள், ஏனென்றால் ஜூபிட்டர்-8 சேர்ந்த சோனார் குடும்பத்து லென்ஸ்களில் துளையைச் சுருக்கும்போது ஃபோகஸ் கொஞ்சம் நகரும். ஜூபிட்டர்-8இன் அப்பெர்ச்சர் வளையம் "டிக்" என்று எங்கும் நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். எந்த எண்ணில் எடுத்தோம் என்று படக்கோப்பிலும் பதிவாகாது. குறித்துவைக்கும் பழக்கம் இருந்தால் நல்லது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிதாக்கிப் பார்க்கும் நேரத்தில் குழந்தையின் சிரிப்பு போய்விடுகிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் சட்டகக் கோட்டுக்கு வெளியே என்ன வருகிறது என்பதும் தெரியும்; தெருவில் மாடு நுழைவதை முன்கூட்டியே பார்க்கலாம். மிரர்லெஸில் சட்டகம் முடிந்த இடத்தில் உலகமும் முடிகிறது. லென்ஸ் கிடைத்தது, அந்த ஜன்னல் கிடைக்கவில்லை. ஜன்னலும் வேண்டும் என்பவர்களுக்காகத்தான் எப்ஸன் 2004இல் ஆர்-டி1 என்ற முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரைச் செய்தது. 6 மெகாபிக்சல். ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால் நெம்புகோலைத் தள்ளி ஷட்டர் ஏற்ற வேண்டும்.

22 அக்டோபர்

மழை தொடங்கிவிட்டது, பூஞ்சை எச்சரிக்கை. பழைய லென்ஸைத் தோல் உறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போதும். என் ஜூபிட்டர்-12ஐச் சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில் முன்கண்ணாடியின் பூச்சைக் கீறித் திருப்பித் தந்தார்கள். அதற்குப் பிறகு நான் யாரிடமும் கொடுப்பதில்லை.

வாங்கும்போது டார்ச் அடித்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல இருந்தால் பூஞ்சை. சீராக மூட்டம்போட்டதுபோல இருந்தால் எண்ணெய் ஆவி. கேனன் திருகு வாய் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்களில் அப்பெர்ச்சருக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில் இந்த மூட்டம் அடிக்கடி வரும். சிலவற்றில் துடைத்தாலும் போகாது, கண்ணாடியையே அரித்திருக்கும். விலை குறைவாக இருந்தால் அதற்குத்தான்.

மடக்கு லென்ஸ்கள், எல்மார், இண்டஸ்டார்-22 போன்றவை: டிஜிட்டல் உடலில் மாட்டியபிறகு உள்ளே தள்ளவே தள்ளாதீர்கள். குழாய் போய் எதில் முட்டும் என்று சொல்ல முடியாது.

19 நவம்பர்

மழையில் வெளியே போக முடியாததால் வரலாறு. லூட்விக் பெர்ட்டெலே 1930களின் தொடக்கத்தில் ஸைஸ் நிறுவனத்தின் கான்டாக்ஸ் கேமராவுக்காகச் சோனாரை வடித்தபோது லென்ஸ் பூச்சு என்பதே இல்லை. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் 4, 5 விழுக்காடு எதிரொளித்துப் படத்தை வெளிறச் செய்யும். அவர் ஆறு கண்ணாடிகளை மூன்று தொகுதியாக ஒட்டிவிட்டார். சந்திப்புகள் ஆறாகக் குறைந்தன. கறுப்பு கறுப்பாகவே விழுந்தது.

போருக்குப் பின் ஸைஸின் இயந்திரங்கள் இழப்பீடாகச் சோவியத்துக்குப் போயின. கியேவ் நகர அர்செனல் ஆலையில் கான்டாக்ஸ் "கியேவ்" ஆனது. மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னோகோர்ஸ்க்கில் சோனார் முதலில் "ஸோன்னார் கிராஸ்னோகோர்ஸ்க்" என்றும், பிறகு ஜூபிட்டர் என்றும் ஆனது. ஜப்பானிலும் நிக்கான் அதே வழியில் நடந்தது. 1950இல் லைஃப் இதழின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் நிக்கானின் அந்த நிக்கார் லென்ஸ்களைப் பார்த்து வியந்து, கொரியப் போருக்கு அவற்றோடு போனார். ஜெர்மனியில் பிறந்த ஒரு வரைபடம் இப்படி உலகம் சுற்றி நெய்வேலிக் குடியிருப்பு வாசலில் அம்மாவின் முன்னால் வந்து நின்றிருக்கிறது. நினைக்க நினைக்கத் தீரவில்லை.

16 ஜனவரி 2024, மாட்டுப் பொங்கல்

வடலூரில் இருக்கிறேன். ஸோர்கியைச் சரிசெய்துவிட்டேன். முகப்பில் ஒரு சிறு மூடித் திருகு இருக்கிறது. அதைக் கழற்றினால் உள்ளே முடிவிலித் திருகு. கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன், இரண்டு கோபுரமும் ஒன்றாயின. பிறகு அளவு நாடாவை வைத்து 2 மீட்டரில் சோதித்தேன். அதுவும் சரியாகிவிட்டது, உலோக விரலைத் தொடும் வேலை வரவில்லை.

முதலில் ஜூபிட்டரை ஏ7இல் மாட்டி அப்பாவின் கையில் கொடுத்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா வளையத்தைத் திருப்பினார்; விரல்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. திரையில் அம்மாவின் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஒரே ஒரு படம். பின்னால் கதவு கரைந்து போயிருந்தது, அம்மாவின் மூக்குத்தி மின்னியது. அத்தைக்குச் செல்பேசியில் அனுப்பினோம். "சுவரைக் காணோமே அண்ணா" என்று பதில் வந்தது. அப்பா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

அப்பா காலத்தில் உதகையில் தயாரான "இந்து" என்ற பெயர் கொண்ட பிலிம் போடுவார், இப்போது அது இல்லை. நான் வாங்கி வந்த கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றை மாலையில் ஸோர்கியில் ஏற்றிக் கொடுத்தேன். மாட்டுக்குக் கொம்பு தீட்டுவதைப் பார்க்கப் பக்கத்துத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். 36இல் 14 இன்னும் பாக்கி. கழுவியதும் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் கேமராவின் கிழிந்த திரையைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? மாற்றலாம்.